முப்பத்துநான்காம் நாளின் துணையாள்

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பதினோராம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, கொக்கிமுனைக்கும் ஆலையடிக்குடாவுக்கும் இடையே புதிதாய்க் கொங்கிறீற்று இட்ட வீதியின் ஓரத்தில் ஒரு கருங்கல் திறந்துவைக்கப்பட்டது, பிரிந்து கிடந்த இரண்டு ஊர்களும் மீண்டும் சேர உழைத்தவர்கள் என்று அதில் பதினொரு பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன, கண்ணமுத்து தெய்வநாயகத்தின் பெயர் அவற்றுள் இல்லை, இதுவே என் முறைப்பாடு. மஞ்சள் திரைச்சீலை கல்லின் முனையில் மாட்டிக்கொண்டு வர மறுக்கிறது, பிரதேச சபைத் தவிசாளர் இழுக்கிறார், ஒலிபெருக்கிக்காரர் கதிரையில் ஏறி நின்று அவிழ்த்துவிடுகிறார், ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் எனக்கும் முதல் வரிசையில் ஓரிடம் தந்திருந்தார்கள், அங்கிருந்தபடியே என் கண்கள் பெயர்களின்மேல் ஓடுகின்றன, வீதியைப் போட்ட கொந்தராத்துக்காரரின் பெயர் இருக்கிறது, சண்டை நடந்த வருடத்தில் பிறந்தேயிராத ஒருவரின் பெயர் இருக்கிறது, மூன்று எழுத்துப்பிழைகள் இருக்கின்றன, பிழைகளை மன்னிக்கும் வழக்கம் இல்லாத நான் அன்று அவற்றை மன்னித்தேன், பிழையாகவேனும் அவருடைய பெயர் எங்காவது ஒளிந்திருக்கக்கூடாதா என்று மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடிக்கொண்டிருக்கிறேன், கல்லில் பட்ட வெயில் கண்ணைக் குத்துகிறது, அந்த வெயிலுக்குள்ளிருந்து ஓர் உழவு இயந்திரம் வருகிறது, பெரிய சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்காட்டில் ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி, மறு கையால் சட்டைப் பையிலிருந்து கச்சான் கடலை எடுத்துத் தின்றபடி அவர் உட்கார்ந்திருக்கிறார், இருபத்தைந்து வருடங்களாக அவர் அப்படித்தான் வருகிறார், என் வாசலைக் கடக்கும்போது மட்டும் திரும்பிப் பார்க்கிறார்.

1990ஆம் ஆண்டு ஆவணியில் தொடங்கிய வெட்டும் எரிப்பும் ஐப்பசி மழையோடுதான் ஓய்ந்தன, யார் முதலில் தொடங்கினார்கள் என்ற கேள்விக்கு இரண்டு ஊரிலும் இரண்டு விடைகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன, ஓய்ந்த பிறகு பார்த்தால் ஆலையடிக்குடா முஸ்லிம்களின் வயல்கள் எல்லாம் எங்கள் கொக்கிமுனைக்கு மேற்கே தில்லைவெட்டையில் கிடந்தன, எங்களைக் கடக்காமல் அவர்களால் அங்கே போக முடியாது, வைத்தியசாலையும் சந்தையும் பேருந்து நிலையமும் கிழக்கே அவர்களுடைய ஊரில் இருந்தன, அவர்களைக் கடக்காமல் எங்கள் பிள்ளைத்தாய்ச்சிகளால் அங்கே போக முடியாது, தை போய் மாசி நெருங்கும்போது நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது, வெட்டுவதற்கு ஆளில்லை, எங்களூரில் இரண்டு பிள்ளைப்பேறுகள் வீட்டிலேயே நடந்து இரண்டும் தங்கவில்லை, அப்போதுதான் தெய்வநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தனியாகச் சைக்கிளில், ஆலையடிக்குடாப் பள்ளிவாசலுக்குப் போனார், ஒரே ஒருமுறை நாடாளுமன்றத்துக்குப் போய் அடுத்த தேர்தலில் தோற்றவர், ஆனாலும் அவரை எம்.பி. என்று அழைப்பதை இரண்டு ஊரும் விடவில்லை, போன மனிதர் திரும்ப மாட்டார் என்று நாங்கள் நினைத்திருக்க, பின்னேரம் சைக்கிள் கரியரில் ஒரு குலை செவ்விளநீரைக் கட்டிக்கொண்டு திரும்பினார்.

பேச்சு நடந்தது இரு ஊருக்கும் பொதுவான அணைக்கட்டின் அருகே, ஓடு போன ஒரு விடுதியில், அவர்கள் ஆறு பேர், நாங்கள் ஆறு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறோம், தெய்வநாயகம் நடுவில் ஒரு பழைய பத்திரிகையை விரித்து அதில் கச்சானைக் கொட்டுகிறார், எவரும் தொடவில்லை, பள்ளிவாசலின் மூத்த நிருவாகி உதுமாலெவ்வை மரைக்கார் தொண்டையைச் செருமிக்கொண்டு, எம்.பி., போன எலெக்சன்ல எங்கட ஊரில ஒங்களுக்கு விழுந்தது பதினேழு வோட்டு, அந்தப் பதினேழு பேரும் ஆரெண்டு இன்னும் தேடிக்கிட்டு இரிக்கம் என்றார், தெய்வநாயகம் ஒரு கச்சானை உடைத்து வாயில் போட்டு, அவர்கள் அண்ணனை அழைக்கும் சொல்லால், பதினெட்டு, காக்கா, ஒண்டில கீறல் பிழைச்சுப் போச்சு எண்டு கழிச்சுப்போட்டாங்க என்றார், மரைக்காரின் தாடி அசைந்தது, சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை, ஆனால் அவருடைய கை பத்திரிகைமேல் நீண்டது, அதற்குப் பிறகு எங்கள் கோயில் வண்ணக்கர் குழந்தைவேலின் கையும் நீண்டது, வண்ணக்கர் என்றால் எங்கள் பக்கத்தில் கோயிலை நிருவகிப்பவர், அவர் என் மனைவியின் தாய்மாமனும் ஆவார். ஆயுதக் காவல் வேண்டும் என்று இரு பக்கமும் கேட்டன, எங்களுக்கு எங்கள் காவல், அவர்களுக்கு அவர்கள் காவல், தெய்வநாயகம் தலையாட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, காவலுக்குத் துவக்கு வேணாம், ஆள் வேணும் என்றார், நீங்க வயலுக்குப் போற மெசின்ல எங்கட ஆள் ஒருத்தன் குந்தியிருப்பான், எங்கட வருத்தக்காரர் ஆசுபத்திரிக்குப் போற வான்ல உங்கட ஆள் ஒருத்தன் இருப்பான், எறியிறவன்ட கை ஒருக்கா யோசிக்கும், அந்த ஒரு யோசனை காணும் எனக்கு, என்றார். அப்படிக் கூட இருப்பவரைத் துணையாள் என்று நாங்கள் அழைக்கத் தொடங்கினோம், நாற்பது நாள் அறுவடைக்கு நாளுக்கு ஒரு பெயர் வேண்டும், ஆள் போதாமல் சிலருக்கு இரண்டு மூன்று முறை விழுந்தது, பாடசாலையில் நேரசூசி போடுகிறவன் நான்தானே என்று தெய்வநாயகம் அந்த அட்டவணையை என்னிடம் விட்டார், நான் மட்டத்தடி வைத்துக் கோடு கிழித்தேன், அடியில் விதிகளும் எழுதினேன், முதலாவது விதி, துணையாள் இன்றி வண்டி புறப்படலாகாது, அதை நானே உரத்து வாசித்தேன், இரு பக்கத்தாரும் ஒப்பமிட்டார்கள், இந்த மாஸ்டர் எழுதினா எமனும் வாசலில நிண்டு வாசிச்சுப்போட்டுத்தான் உள்ள வருவான் என்று தெய்வநாயகம் சொல்ல, அன்று முதன்முறையாகப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன், எனக்குப் பெருமையாய் இருந்தது.

முதல் நாள் மட்காட்டில் அவரே ஏறினார், ஆதம்பாவா என்ற சாரதி ஓட்ட, பின்னால் மூன்று இயந்திரங்கள் வர, கொக்கிமுனைச் சந்தியில் பொன்னம்மா விளக்குமாற்றோடு நடு வீதியில் நிற்கிறாள், ஆவணியில் அவளுடைய மூத்த மகனை வாய்க்காலில் இருந்து பிணமாக எடுத்தோம், என்ட புள்ளயக் கொன்றவனுக்கு நெல்லு வேணுமோ என்று கேட்கிறாள், அவர் இறங்கி அவள் முன்னால் நிற்கிறார், வேணும் பொன்னம்மாக்கா, நெல்லு வராட்டி அவனும் பட்டினி, வெட்டக் கூலிக்குப் போற நம்மட சனமும் பட்டினி, நீ ஏலாது எண்டு சொன்னா நான் மெசினத் திருப்பச் சொல்லுறன், என்கிறார், இயந்திரங்கள் நிற்க, இருவரும் அப்படியே வெயிலில் நின்றார்கள், ஒரு மணி நேரம் நின்றிருப்பார்கள், வேலிக்கு அப்பால் நாங்கள் எல்லோரும் நின்றோம், ஒருவரும் கிட்டப் போகவில்லை, பிறகு அவள் விளக்குமாற்றைக் கீழே விடாமலே ஓரமாக நகர்ந்தாள், அவர் அவளைக் கும்பிட்டுவிட்டு ஏறினார், அன்று மாலை நெல் மூட்டைகளோடு நான்கு இயந்திரங்களும் திரும்பிப் போனதை நான் வாசல் படலையில் நின்று பார்த்தேன், மறுநாள் எங்களூர்ப் பெண்ணொருத்தியை ஏற்றிய வானில் ஆலையடிக்குடாத் தேநீர்க் கடைக்காரர் துணையாளாக வந்தார், குழந்தை உயிரோடு பிறந்தது.

முதல் முப்பத்துமூன்று நாளுக்குள் என் முறை இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் போனேன், மட்காட்டின் தகரம் தொடையைச் சுட்டது, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வீதி அன்றுதான் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது, சேர், பயமா ஈக்கா என்று ஆதம்பாவா முன்னால் பார்த்தபடியே கேட்டான், இல்லை என்றேன், எனக்கு ஈக்கி சேர், வழக்கமா ஒரு பயம், நீங்க வாற நாளில ரெண்டு பயம், ஒங்களுக்கிட்டப் படிச்சி அடி வாங்கினவன் எவனாச்சும் வேலிக்குள்ள நிப்பானோ எண்டும் பயம், என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறான், நான் சிரிக்காமல் இருக்க முயன்று சிரித்துவிடுகிறேன், முப்பத்துமூன்று நாள்கள் இப்படிப் போயின, ஒரு கல்கூட விழவில்லை, அட்டவணையில் ஒவ்வொரு மாலையும் ஒரு சரி அடையாளம் இட்டேன், அடையாளங்கள் ஒரே அளவில் இருந்தன, இந்த உலகத்தில் ஒரு காரியம் ஒழுங்காக எழுதப்பட்டால் ஒழுங்காக நடக்கும் என்று நான் மெய்யாகவே நம்பத் தொடங்கியிருந்தேன்.

முப்பத்துமூன்றாம் நாள் பின்னேரம், கோயில் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருக்கிறேன், வண்ணக்கர் குழந்தைவேல் பூக்கூடையோடு வந்து பக்கத்தில் நிற்கிறார், நாளைக்கு உங்கட முறையா மாஸ்டர், என்றார், ஓம் என்றேன், அவர் பூவைக் கிளறிக்கொண்டே, காய்ச்சல் எண்டு படுங்க, என்றார், எனக்குக் காய்ச்சல் இல்லையே என்றேன், இல்லாட்டி என்ன, படுங்க, மருமகள் தாலியோட இருக்கட்டும், என்றார், இவ்வளவுதான், கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார், யாரிடம் கேள்விப்பட்டார், என்ன நடக்கப்போகிறது, எதையும் நான் கேட்கவில்லை, கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டி வரும், சொன்னால் யார் சொன்னார் என்பார்கள், அணைக்கட்டு விடுதியில் மரைக்காருக்கு எதிரே இருந்து கச்சான் தின்ற அதே மனிதரின் பெயரை நான் சொல்ல வேண்டும், என் வீட்டுக்குள் எப்படிப் போவது, கொக்கிமுனையில் எப்படி இருப்பது, இவை எல்லாம் அன்று நான் அடுக்கிய காரணங்கள், இவற்றுக்கு அடியில் கிடந்த காரணம் ஒன்றுதான், பயம், ஆதம்பாவா கேட்டபோது இல்லை என்று சொன்ன அதே பயம்.

காலை ஆறு மணிக்கு விடுப்புக் கடிதம் எழுதினேன், முப்பது வருடம் அதிபர்களுக்கு எழுதிய அதே வாசகத்தில், என் தம்பி தவராசாவின் திவசம் இன்று வருவதால் துணையாட் கடமைக்குச் சமுகமளிக்க இயலாமையைப் பணிவுடன் அறியத்தருகிறேன், தவராசா பல வருடங்களுக்கு முன் வாவியில் தோணி கவிழ்ந்து போனவன், அவனுடைய திதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது, கடிதத்தை வேறொருவரிடம் கொடுத்தனுப்பாமல் நானே கொண்டுபோனேன், தெய்வநாயகம் முற்றத்தில் கண்ணாடியைத் தூணில் சாய்த்து முகம் மழித்துக்கொண்டிருக்கிறார், ஒரு கன்னத்தில் நுரை, அவருடைய ஒரே மகள் மங்களேஸ்வரி எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள், அவர் கடிதத்தை நுரை படாமல் விரல் நுனியால் பிடித்து வாசித்துவிட்டு, தம்பிட திவசமா, அத விடக்கூடாது மாஸ்டர், நீங்க போங்க, என்றார், அப்ப இண்டைக்கு மெசின் நிக்கும்தானே ஐயா என்று கேட்டேன், பாப்பம் என்றார், நான் நின்றேன், அவர் மற்றக் கன்னத்தை மழித்தார், சவரக்கத்தி தோலில் போகும் ஓசை கேட்டது, இன்னும் எதுவும் சொல்ல இருக்கா மாஸ்டர், என்று கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டார், இல்லை என்றேன், தேநீரைக் குடித்து முடித்தேன், அது இனித்தது, அது இனித்தது என்பது ஏன் நினைவிருக்கிறது என்று தெரியவில்லை.

துணையாள் இன்றி வண்டி புறப்படலாகாது, நான் வராவிட்டால் துணையாள் இல்லை, துணையாள் இல்லாவிட்டால் வண்டி இல்லை, வண்டி இல்லாவிட்டால் நடக்கவிருந்தது நடக்காது, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமலே எல்லோரையும் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன், விதியை எழுதியவன் விதியை நம்பினான், ஆனால் ஓர் ஆசிரியர் வராத வகுப்புக்கு இன்னோர் ஆசிரியரை அனுப்பாத அதிபர் எங்கே இருக்கிறார், இதை எண்ணாமல் விட்டேன், முப்பது வருடம் நேரசூசி போட்டவன் இதை எண்ணாமல் விட்டேன். பொய்யை மெய்யாக்குவதற்காகத் தவராசாவின் படத்துக்கு விளக்கேற்றினேன், இண்டைக்கா திவசம், எட்டு நாள் கிடக்கே என்று மனைவி கேட்டாள், இண்டைக்குத்தான் என்றேன், அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அரிசி கழுவப் போனாள், சோறும் பூசணிக்காய்க் கறியும் ஆக்கி, தலைவாழை இலையில் படைத்து, வேலியோரம் காகத்துக்கு ஒரு பிடி வைத்தேன், கா கா என்று அழைத்தேன், ஒரு காகம் முருங்கையிலிருந்து இறங்கிச் சோற்றின் பக்கத்தில் வந்து நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறது, அப்போது மேற்கே இரண்டு வெடிகள், அடுத்தடுத்து, காகம் தொடாமல் எழும்பிப் போகிறது, நான் கையில் சோற்றுப் பருக்கையோடு நிற்கிறேன், உழவு இயந்திரத்தின் இரைச்சல் கிட்ட வருகிறது, ஒருநாளும் அந்த வேகத்தில் ஒரு மெசின் போனதை நான் கண்டதில்லை, ஆதம்பாவா ஒரு கையால் சுக்கானைப் பிடித்திருக்கிறான், மற்றக் கையால் மட்காட்டில் சரிந்து கிடக்கும் தெய்வநாயகத்தை அணைத்துப் பிடித்திருக்கிறான், வழிவிடுங்க வழிவிடுங்க என்று கத்திக்கொண்டே எங்கள் ஊரின் நடுவால், தனியே, துணையாள் என்று சொல்ல ஒருவரும் இல்லாமல், கிழக்கே வைத்தியசாலைக்கு ஓட்டிப் போகிறான், ஒருவரும் அவனை மறிக்கவில்லை, ஒருவரும் அவனோடு ஏறவுமில்லை.

செத்த வீட்டுக்கு ஆலையடிக்குடாவிலிருந்து நூறு பேருக்கு மேல் வந்தார்கள், நடந்தே வந்தார்கள், பந்தலுக்குள் மரைக்கார் என் பக்கத்தில் வந்து இருந்து, மெதுவாக, அண்டைக்கு ஆர்ட முறை மாஸ்டர், என்று கேட்டார், என்ட முறைதான் காக்கா, தம்பிட திவசம், என்றேன், அப்ப வண்டிய நிப்பாட்டியிருக்கலாமே, அவர் என்னத்துக்கு ஏறினார், என்றார், எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த வண்ணக்கர் என்னைப் பார்க்கிறார், பெட்டியின் தலைமாட்டில் இருந்த மங்களேஸ்வரியும் நிமிர்ந்து பார்க்கிறாள், தெரியா காக்கா, அவருக்கு அங்கால ஏதோ அலுவல் எண்டார், என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பந்தலில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டார்கள், ஒரு கிழமைக்குள் அந்த அலுவலுக்குக் கைகால் முளைத்தது, வயலில் பங்கு இருந்ததாம் என்றார்கள், போகத்துக்கு இத்தனை மூட்டை என்று பேச்சாம் என்றார்கள், அதுக்குத்தானே சமாதானம் சமாதானம் எண்டு ஓடித் திரிஞ்சவர் என்று தேநீர்க் கடையில் ஒருவன் சொன்னபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன், பத்திரிகையை மறுபக்கம் திருப்பினேன். மிச்ச ஆறு நாள்களுக்கும் அட்டவணையில் பெயர் இருந்த ஆண்கள் ஒருவரும் வரவில்லை, பொன்னம்மா வந்தாள், அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஆதம்பாவாவின் மட்காட்டில் ஏறி உட்கார்ந்தாள், ஆறு நாளும் அவளே போனாள், நெல் முழுவதும் அறுத்தாயிற்று, அதற்குப் பிறகு அந்த வீதியில் சாவு விழவில்லை, சமாதானம் நிலைத்தது, அதைக் கொண்டுவந்தவருடைய பெயர்மட்டும் நிலைக்கவில்லை.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை, கைதட்டல் ஓய்ந்ததும், நான் எழுந்து தவிசாளரிடம் போனேன், தெய்வநாயகம் ஐயாவின் பெயர் எங்கே என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன், என் குரல் நடுங்கியது, அது கோபம் என்றே எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படியே நினைத்தேன், தவிசாளர் நல்ல பிள்ளை, என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவர், என் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், சேர், கோவிக்காதீங்க, கூட்டத்தில அவர்ட பேரும் வந்தது, அவர் தன்ட அலுவலாப் போய்ச் செத்தவர் எண்டு கனபேர் சொல்லுறாங்க, இதச் சொன்னதே நீங்கதான் எண்டு அப்பா சொன்னவர், என்றார். ஒலிபெருக்கியில் யாரோ நன்றியுரை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கால்கள் என்னை மங்களேஸ்வரியின் வீட்டுக்குக் கொண்டுபோயின, அவளுக்கும் ஐம்பதுக்கு மேல் ஆகிறது, தனியாக இருக்கிறாள், தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழும்பி வந்து, வாங்க சேர், என்றாள், சபையில நீங்க ஒருத்தர்தான் அப்பாட பேரக் கேட்டீங்களாம், இப்பத்தான் ஒரு பிள்ளை வந்து சொல்லிப்போட்டுப் போகுது, எனக்கு அது காணும் சேர், கல்லும் வேணாம் ஒண்டும் வேணாம், என்றாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அப்பாக்கு என்ன அலுவல் சேர் இருந்தது, எவ்வளவு யோசிச்சும் எனக்கு விளங்கல்ல, அவர் எனக்கு ஒண்டும் ஒளிக்கிறேல்ல, என்றாள். நான் அவளுக்கு முன்னால் இருக்கிறேன், மருதமரத்து நிழல் தரையில் ஆடுகிறது, சொல்வதற்கு ஐந்து சொற்கள் போதும், ஐந்தும் என் வாய்க்குள் இருக்கின்றன, வெயில் ஏறுது பிள்ள, நான் வாறன், என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

வண்ணக்கர் இறந்து பதினாறு வருடம், மரைக்கார் இறந்து பதினொரு வருடம், என் மனைவியும் போய்விட்டாள், தெரிந்தவன் நான் ஒருவன், அதனால்தான் எழுதுகிறேன், இதை வாசிக்கும் நீங்கள் இத்தாளை அவளிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்கவே பேனையை எடுத்தேன், எழுதிக்கொண்டு வரும்போதுதான் தெரிகிறது, இப்போதும் என் முறைக்கு இன்னொருவரை அனுப்பப் பார்க்கிறேன். ஆகையால் அதைக் கேட்கவில்லை. கொக்கிமுனைக் கோயிலுக்குப் பின்புறம் மூன்றாவது வீடு என்னுடையது, படலை பூட்டியிராது, உங்களில் ஒருவர், எந்த ஊரவராயினும், நாளைக் காலையே வாருங்கள், என் கையைப் பிடித்து மங்களேஸ்வரியின் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், நான் சொல்லி முடிக்கும்வரை வாசலை மறித்துக்கொண்டு நில்லுங்கள், நான் எந்தக் காரணம் சொன்னாலும் விலகாதீர்கள்.